கார்குழலி சுரை

ஏழாம் வகுப்புப் பெண்கள் கோ-கோ ஆடிக்கொண்டிருந்தபோது கார்குழலியின் கைப்பேசியில், மாடித்தோட்டக் குழுவில், அந்தச் செய்தி வந்து விழுந்தது. 'கார்குழலி சுரை விதை யாரிடம் இருந்தாலும் குப்பையில் போடுங்கள். அது விஷம். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.' அனுப்பியவள் வைத்திக்குப்பத்துப் பூர்ணிமா. படித்த வேகத்தில் கார்குழலி ஊதிய விசிலுக்குத் துரத்தியவள், ஓடியவள், குந்தியிருந்தவள் எல்லாரும் கல்லாய் உறைந்துபோனார்கள்.

புதுச்சேரி மாடித்தோட்டக்காரர்கள் மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் வீட்டில் கூடி விதை மாற்றிக்கொள்வார்கள். அங்கே விலை கிடையாது, கணக்குக் கிடையாது. ஒரே ஒரு வழக்கம் உண்டு. ஒரு ரகத்தை முதலில் கொண்டுவந்தவர் பெயர் அதோடு ஒட்டிக்கொள்ளும். எத்தனை கை மாறினாலும் பொட்டலத்தின் மேல் அந்தப் பெயரைத்தான் எழுத வேண்டும். சக்கரபாணி வெண்டை. ஹேமலதா மொச்சை. கார்குழலி சுரை.

கார்குழலி ஒரு காலத்தில் மாநில அளவில் தடை ஓட்டம் ஓடியவள். ஜெயித்த கோப்பைகளில் பள்ளிக்கூடத்தின் பெயர் இருக்கிறது, அவள் பெயர் இல்லை. இப்போது விளையாட்டு டீச்சர். கணக்குப் பாடம் முடியவில்லை என்று அவள் வகுப்பைத்தான் முதலில் பிடுங்கிக்கொள்வார்கள். அவள் பெயரைச் சுமந்துகொண்டு இந்த ஊரில் நடமாடுவது அந்தச் சுரை ஒன்றுதான். கருவடிக்குப்பத்து மொட்டை மாடியில் அதை அவள் வளர்த்த விதம் அப்படி. சுரைப்பூ பொழுது சாயும்போது விரியும். அதற்குள் ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு வந்து, விரியப்போகும் மொட்டுகளுக்குப் பழைய மெல்லிய வாயில் துணிப் புடவையில் தைத்த சின்னப் பையை மாட்டி நூலால் கட்டுவாள். பூ விரிந்ததும் பையைக் கழற்றி, ஆண்பூவைப் பெண்பூவில் தன் கையாலேயே தடவிவிட்டு மறுபடி கட்டுவாள். வேறு கொடியின் மகரந்தம் எதுவும் அண்டக் கூடாது. இதற்காகத் தங்கை வீட்டு நிச்சயதார்த்தத்திலிருந்தே பாதியில் எழுந்து வந்தவள். அதைத்தான் விஷம் என்கிறார்கள். உடனே பூர்ணிமாவுக்குப் போன் போட்டாள்.

"பூர்ணிமா, நானா உனக்கு விதை குடுத்தேன்?"

"இல்லக்கா, மதாம் மரி-க்ளேர்தான் குடுத்தாங்க. ஆனா பொட்டலத்துல உங்க பேர்தானே இருந்துது."

"கசந்திருக்குமே? வாயில வெச்சதுமே தெரிஞ்சிருக்குமே?"

"கசந்துதுதான். கசந்தா சர்க்கரைக்கு நல்லதுன்னு மூக்கைப் புடிச்சிக்கினு ஒரு சொம்பு ஜூஸையும் குடிச்சிட்டாரு. அப்புறம் ஒரே வாந்தி. டிரிப்ஸ் ஏறுது."

"அறிவிருக்கா உன் வீட்டுக்காரர் செல்வகுமாருக்கு?"

"படுத்துக் கெடக்கற மனுஷனப் போய்த் திட்டுறீங்களேக்கா!" போனை வைத்துவிட்டாள்.

பள்ளி விட்டதும் கார்குழலி நேரே குருசுக்குப்பத்துக்குப் போனாள். மரி-க்ளேர் அங்கே தனியாக இருக்கும் வயதான அம்மாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த கணவரின் பென்ஷன், ரெயூனியோன் தீவில் ஒரு மகன், மாடி நிறையச் செடி.

"வா குழலி, கஃபே போடட்டா?"

"ஒண்ணும் வேணாம் மதாம். பந்தலைக் காட்டுங்க."

மாடியில் ஒரே பந்தலில் இரண்டு கொடிகள் கட்டிப்பிடித்துக் கிடந்தன. ஒன்று அவளுடைய குண்டுச் சுரை. இன்னொன்றில் இடுப்பு சிறுத்த குட்டிக் காய்கள் தொங்கின.

"அது குடுவைச் சுரை. போன வருஷம் என் மகன் கஸ்தோன் அனுப்பிச்ச விதை. காயவெச்சு ஓட்டை போட்டு, நோயேல், அதான் கிறிஸ்மஸ் பண்டிகைக்கு உள்ள பல்ப் மாட்டினா அவ்ளோ அழகு!"

"தின்ன முடியுமா?"

"சீ, ஒரே கசப்பு. விளக்குக்குத்தான்."

"போன வருஷமும் இதே பந்தல்தானா?"

"எனக்கு இருக்கறது ஒரு பந்தல்தானே."

கார்குழலிக்குக் காது இரண்டும் சுட்டது. "அந்தக் கசப்புதான் மதாம் என் பூவுல ஏறியிருக்கு."

"எப்படி ஏறும்? உன் காய் நல்லாத்தானே இருந்துது. தின்னு பாத்துட்டுத்தானே விதை எடுத்தேன்!"

"காய் நல்லாத்தான் இருக்கும். விதைக்குள்ள போன கசப்பு அடுத்த கொடியிலதான் தெரியும். அதுக்குத்தானே மொட்டுக்குக் கட்டச் சொல்லி பையைத் தெச்சுக் குடுத்தேன். எங்க அது?"

"அதுவா..." மரி-க்ளேர் சமையலறைப் பக்கம் பார்த்தாள். "பூண்டு போட்டு வெக்க சௌகரியமா இருந்துது."

கார்குழலி பந்தல் காலை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிடிக்காவிட்டால் பிடுங்கியிருப்பாள்.

"குரூப்ல சொல்லுங்க. இப்பவே."

"சும்மா குடுத்த விதைக்கு என்ன இந்த ஆர்ப்பாட்டம்? அந்தப் பையன் நாளைக்கு வீட்டுக்கு வந்துடுவான். விடேன்."

"சும்மாதான் குடுத்தீங்க. யார் பேர்ல குடுத்தீங்க?"

மரி-க்ளேர் கஃபே போடக் கீழே இறங்கினாள். குழுவில் எதுவும் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் புருஷோத்தமன் வீட்டு மாடியில். குழுவை நடத்தும் அந்த ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜருக்குச் சண்டை என்றாலே ஆகாது. நடந்ததைக் கார்குழலி சொல்லி முடிக்கும் முன்பே கையைத் தூக்கினார்.

"யார் மேலயும் தப்பு இல்லம்மா. எல்லாரும் நம்ம ஆளுங்க. இனிமே பொட்டலத்துல பேரே வேணாம். வெறும் சுரைன்னு எழுதுவோம். பிரச்சினை தீந்துது."

"எப்படி சார் தீந்துது?" மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்கும் குரல் அது. "கலந்து குடுத்தவங்க கஃபே குடிச்சிக்கினு உக்காந்திருக்காங்க. ஒழுங்கா வளத்தவ பேரை அழிக்கணுமா? நாளைக்கு இன்னொருத்தர் வாந்தி எடுத்தா யாரைப் போய்க் கேப்பீங்க?"

"மெதுவா பேசும்மா, கீழ வீட்ல குழந்தை தூங்குது."

பின்னால் நின்ற பூர்ணிமா வாயைத் திறந்தாள். "அக்கா கேக்கறது சரிதான் சார். பேர் இருந்ததாலதான் இவங்களத் திட்டினேன், இவங்களும் எங்கேர்ந்து வந்துதுன்னு தேடிப் போனாங்க. பேரே இல்லன்னா நான் யாரைத் திட்டறது? பொட்டலத்தையா?"

யாரோ சிரித்தார்கள். புருஷோத்தமன் தரையைப் பார்த்தார்.

"என்னைத் திட்டு," என்றாள் மரி-க்ளேர். கோப்பையைக் கீழே வைத்தாள். "ரெண்டையும் ஒரே பந்தல்ல ஏத்தினது நான். பை கட்டாததும் நான். குழலி விதைல ஒரு குத்தமும் இல்ல."

எல்லாருக்கும் மூச்சு வந்தது. கார்குழலிக்கு வரவில்லை. மரி-க்ளேர் கொடுத்த பொட்டலங்கள் எவரெவரிடம் உண்டோ அத்தனையையும் வாங்கி, தன் பெயரைப் பேனாவால் அடித்துவிட்டு, பக்கெட் தண்ணீரில் கொட்டினாள். இருந்த கோபத்தில் காலால் மிதித்திருப்பாள், செருப்பு வாசலில் கிடந்தது. பிறகு தன் மாடி விதையில் ஒரு பொட்டலத்தை எடுத்துப் பூர்ணிமாவிடம் நீட்டினாள்.

"அவரு சுரைக்கான்னு கேட்டாலே ஓடறாருக்கா."

"ஓடட்டும். நீ போடு. நுனியில ஒரு துண்டு நாக்குல வெச்சுப் பாத்துட்டு சமை. கசந்தா என் வீட்டு வாசல்ல வந்து கத்து."

பூர்ணிமா மேலே எழுதியிருந்த பெயரைப் படித்தாள். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மரி-க்ளேரும் கையை நீட்டினாள். கேட்ட கைக்கு இல்லை என்று சொல்கிற பழக்கம் அந்தக் குழுவில் கிடையாது.

"முதல்ல அந்தக் குடுவைக் கொடியப் பிடுங்குங்க மதாம். பூண்டையும் வேற எதுலயாவது கொட்டி வைங்க. அப்புறம் பாக்கலாம்." நீட்டிய கை நீட்டியபடியே இருக்க, கார்குழலி படியிறங்கினாள்.

வீடு சேரும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. மொட்டுகள் விரிய இன்னும் கொஞ்சம்தான். பையை மாட்டி நூலைச் சுற்றினாள். கையில் கோபம் மிச்சமிருந்தது போலும். இழுத்த இழுப்பில் பிஞ்சோடு மொட்டு முறிந்து கையில் வந்துவிட்டது.

அதற்கும் மரி-க்ளேரைத்தான் திட்டினாள். பிறகு அடுத்த மொட்டைத் தேடிப்பிடித்து, இந்த முறை மெதுவாகக் கட்டினாள்.