உக்காருங்கக்கா

நோய் பார்க்கச் சொல்லிக் கொடுக்கும் செடியைக் கையில் வாங்கியதும் அவள் இலையைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். குழாயடியில் வேரைக் கழுவி, தண்டின் அடியை பிளேடால் நீளவாக்கில் கீறுவாள். உள்ளே பழுப்புக் கோடு ஓடினால், "உக்காருங்க" என்பாள். ஓடவில்லையென்றால் நிற்கவைத்தே அனுப்பிவிடுவாள். அதனால் மூலிகை பயிரிடுகிறவர்களுக்கு அவள் மேசையெதிரே கிடக்கும் நாற்காலியைக் கண்டாலே ஆகாது. அவளுக்குப் பட்டப்பெயரே 'உக்காருங்கக்கா'.

இருபத்திரண்டு வருடமாக இதே ஆய்வுக்கூடம். நுண்ணோக்கியில் குனிந்து குனிந்து கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர், தன் பக்கம் சாய்ந்து மணி கேட்கிறாளாக்கும் என்று நேரம் சொல்வார். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டுதான் பாடுவார்கள்: "தண்ணி அளவாத்தான் விட்டோம்."

"எல்லாரும் அளவாத்தான் விடுறீங்க. வேரு மட்டும் எப்படியோ அழுகிப்போவுது" என்பாள், சிரிக்காமல். சிரிக்கத் தெம்பில்லை.

போன வாரம் அவளுடைய அண்ணன் ஒரு பையோடு வந்தார். அவர் தோட்டத்தில் இரண்டு வருடம் வளர்த்த தண்ணீர்விட்டான் கிழங்குச் செடிகளில் ஒன்று, கொடி மஞ்சளித்துக் கிடந்தது. கீறிப் பார்த்தவள் வழக்கமான சொல்லை விழுங்கிக்கொண்டு, "ஒரு வாரம் கழிச்சு வாண்ணே" என்றாள். வேர்த்துண்டுகளை மூன்று ஆய்வுத் தட்டுகளில் வைத்து, உள்ளிருக்கும் கிருமியை வளர்த்தாள். ஐந்தாம் நாள் முதல் தட்டில் வெளிறிய இளஞ்சிவப்பில் பஞ்சுபோலப் பூஞ்சை படர்ந்தது. நுண்ணோக்கியில் பிறை பிறையாக வித்துகள், வாடல் நோய்ப் பூஞ்சையின் அடையாளம். மற்ற இரண்டு தட்டுகளிலும் அதே பிறைதான்.

இன்று அண்ணன் வந்தார்.

"உக்காருண்ணே."

"வேணாம். நின்னுக்கிட்டே கேட்டுக்கறேன்."

"வாடல் நோயிண்ணே. எல்லாத்தையும் பிடுங்கி எரிச்சிரணும். அந்த மண்ணுல வருஷக்கணக்கா இருக்கும்."

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "நாத்து கேட்டு நாலு பேரு சொல்லி வச்சிருக்காங்க. இந்த ஒரு தடவ 'சந்தேகம்'னு மட்டும் எழுதேன்."

"நாத்தோட ஒட்டிக்கிட்டுப் போற மண்ணு போதும்ணே. நாலு தோட்டமும் போயிரும்."

"இன்னொரு தடவ பாரேன்மா."

"சந்தேகமாவாவது இருக்கக்கூடாதான்னுதானே மூணு தட்டு வளத்தேன்."

அறிக்கையில் 'உறுதி' என்று எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினாள். அண்ணன் அதை இரண்டு முறை படித்தார். பிறகு நாற்காலியை இழுத்து மெதுவாக உட்கார்ந்தார்.

அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். குத்துக்காலிட்டு அமர்ந்து, அண்ணன் கழற்றிவிட்டிருந்த செருப்புகளைக் கையில் எடுத்து, அடியில் அப்பியிருந்த தோட்டத்து மண்ணை கிருமிநாசினி கலந்த தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவத் தொடங்கினாள்.