பசுவுக்குக் கீழே ஒரு வீடு

சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துப் படிப்பிக்கிற வேலையில் பாதி எழுதுவிப்பது, மற்றப் பாதி அழிப்பிப்பது. கட்டுரைக் கொப்பிகளை மடியில் அடுக்கிவைத்து ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்தவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்கு இந்த வருத்தம் விளங்காது. சண்டையால் நான் படித்த பல்கலைக்கழகக் கம்பஸ் மூடிக் கிடந்த காலத்தில், சண்டிலிப்பாய்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாகச் சேர்ந்தேன். ஆண்டு மூன்று வகுப்பைத் தந்தார்கள். கம்பஸ் விவாதங்களில் ஒருவரையும் விட்டுவைக்காத வாய் எனக்கு. ஒரு தவணைக்குள் எல்லாவற்றையும் திருத்திவிடலாம் என்றுதான் போனேன்.

எல்லார் வீட்டுப் பசு

முதல் கட்டுரைக்குத் தலைப்பு 'எங்கள் வீடு'. முதலாவது கொப்பியைத் திறந்தேன். 'எங்கள் வீட்டில் ஒரு பசு உண்டு. அதன் பெயர் இலட்சுமி. அது சாதுவானது.' இரண்டாவது கொப்பியிலும் இலட்சுமி நின்றது. ஐந்தாவதில் சிரித்தேன். பதினைந்தாவதில் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

அடுத்த நாள் காலை, வீட்டில் பசு உள்ளவர்கள் கையை உயர்த்துங்கள் என்றேன். நாலே நாலு கைகள். பிறகுதான் விளங்கியது: எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் மனப்பாடம் செய்த பசுவை அதற்குள் கொண்டுவந்து கட்டிவிடுவது அங்கே வழக்கம். பசுவுக்குப் பிழை வராது, எட்டுப் புள்ளி நிச்சயம். முன்வரிசை வாங்கில் இருந்த சுகந்தியை எழுப்பி, இல்லாத பசுவை ஏன் எழுதினாய் என்று கேட்டேன். அவள் என்னில் இரக்கப்பட்டவள்போலச் சொன்னாள்: "வீட்டிலை இல்லை ரீச்சர். கட்டுரையிலைதான் நிக்குது."

பூச்சியம்

கடைசிக் கொப்பி ஜெசிந்தாவுடையது. ஷெல் விழத் தொடங்கியபோது குருநகர்க் கரையிலிருந்து தாயோடும் தம்பிமாரோடும் ஓடிவந்தவள். பத்து வயது, ஆண்டு ஐந்தில் இருக்கவேண்டியவள். பழைய பள்ளிக்கூடத்து விடுகைப் பத்திரத்தை எடுத்துவர நேரம் இருக்கவில்லை. பத்திரம் இல்லாததால் மூன்றில் போட்டுவிட்டார்கள். சின்ன மேசைக்குக் கீழே முழங்கால் அடங்காமல் பின்வரிசை வாங்கில் சரிந்து இருப்பாள். அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்:

'எங்கடை வீட்டிலை இப்ப ஆரும் இல்லை. கதவைப் பூட்டிப்போட்டு வந்தனாங்கள். திறப்பு அம்மான்ரை கழுத்திலை சிலுவையோடை கிடக்குது. அம்மா குனியேக்கை ரெண்டும் முட்டிச் சத்தம் கேக்கும். அதுதான் இப்ப எங்கடை வீடு.'

நான் கொப்பியை மூடிவிட்டு எழும்பிப் போய்க் கிணற்றடியில் நின்றேன். மூன்று வருடம் கம்பஸில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். இப்படி ஒரு வரி என்னிடமிருந்து வரவில்லை.

பள்ளிக்கூடத்துப் புள்ளித்திட்டத்தின்படி பேச்சுத்தமிழ்ச் சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி வெட்டவேண்டும். வெட்டிப் பார்த்தேன். பத்துப் புள்ளியும் முடிந்து அதற்குக் கீழேயும் போனது. அந்தத் திட்டத்தின் இலட்சணத்தை நிரூபிக்கவே பெரிதாக ஒரு பூச்சியம் போட்டு, தலைமையாசிரியரான அதிபரிடம் கொண்டுபோய் அரைமணி நேரம் வாதாடினேன். அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். வருட நடுவில் பத்திரம் இல்லாத பிள்ளையை ஐந்துக்கு ஏற்றுவது தன் கையில் இல்லை, கல்வி அதிகாரி வந்து பிள்ளையின் எழுத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும் என்றார். புள்ளியைப் பற்றிக் கேட்டேன். "நல்லாத்தான் இருக்குப் பிள்ளை," என்றார். "நல்லா இருக்கிறதுக்குத் திட்டத்திலை புள்ளி இல்லை."

உழுத கொப்பி

சாமான் கப்பல் வராத, கடதாசிக்குத் தட்டுப்பாடான காலம். ஒரு பிள்ளைக்கு வருடம் முழுவதற்கும் ஒரே கொப்பி. ஆகவே எழுதுவதும் பென்சிலால், நாங்கள் திருத்துவதும் பென்சிலால். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம் அழிக்கிற பாடம். தேய்ந்த செருப்பில் வெட்டிய றப்பர்த் துண்டுகளால் பிள்ளைகள் கிழமை முழுவதும் எழுதியதைத் தாங்களே அழித்துவிடுவார்கள். திங்கட்கிழமை கொப்பி வெறுமையாக இருக்கும்.

ஜெசிந்தா பென்சில் முனை முறிய அமத்தி எழுதுகிறவள். அமத்தாமல் எழுது, கடதாசி கிழிந்தால் வேறு கொப்பி கிடையாது என்று நான் ஒவ்வொரு நாளும் அவளுக்குச் சொல்வேன். அவள் ஓமென்று தலையாட்டிவிட்டு அப்படியே எழுதுவாள். அந்த வெள்ளிக்கிழமை பக்கத்து வகுப்புப் பரமேஸ்வரி ரீச்சர் அவளுடைய கொப்பியைத் தடவிப் பார்த்தார். வீட்டில் புகையிலைத் தோட்டம் செய்கிறவர். "உவளுக்குக் கொப்பி குடுத்தது எழுத. உழுறதுக்கில்லை."

திறப்பு

திங்கட்கிழமை ஜெசிந்தாவின் தாய் வந்தார். கதிரையைக் காட்டினேன், இருக்காமல் நின்றபடியே கதைத்தார். மகளை இரண்டு வருடம் பின்னுக்கு இருத்தினால் பள்ளிக்கூடத்தால் மறித்து வீட்டில் வைத்துக்கொள்ளப்போவதாகச் சொன்னார். தான் வெங்காயத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறபோது சின்னவர்களைப் பார்க்க ஆள் வேண்டுமாம். நாளைக்கு அதிகாரி வருகிறார், ஜெசிந்தாவின் எழுத்தே அவளுக்காகக் கதைக்கும் என்று நான் வாக்குக் கொடுத்தேன்.

அவர் குனிந்து குடையை எடுத்தார். கழுத்தில் சாவியும் சிலுவையும் முட்டி மெல்லிய 'கிணிங்' என்றொரு சத்தம். அந்த வீட்டை நான் ஒருநாளும் கண்டதில்லை. ஆனால் வாசலில் நிற்பதுபோல இருந்தது. போகிறபோது அவர் சொன்னார்: "நாளைக்கு ஓமெண்டால் விடுறன் ரீச்சர். இல்லையெண்டால் புதன்கிழமை பாத்துக்கொண்டிராதேங்கோ."

அதிகாரி வந்த நாள்

செவ்வாய்க்கிழமை அதிகாரிக்கு முன்னால் ஜெசிந்தாவின் கொப்பியை வீராப்பாகத் திறந்தேன். வெறும் பக்கம். வெள்ளிக்கிழமை அழிக்கச் சொன்னதே நான்தான். இந்த ஒரு பக்கத்தையாவது விட்டுவை என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நான் சொல்லி விளங்கப்படுத்தினேன். அதிபரும் தான் வாசித்ததாகச் சொன்னார். அதிகாரி கண்ணியமாகக் கேட்டுவிட்டு, தான் காணாததற்குக் கையெழுத்து வைக்கமுடியாது, பிள்ளை இப்போதே எழுதட்டும் என்றார். தலைப்பு அதே 'எங்கள் வீடு'.

ஜெசிந்தா எங்கள் மூவரையும் பார்த்தாள். குனிந்தாள். அமத்தி எழுதினாள்: 'எங்கள் வீட்டில் ஒரு பசு உண்டு.'

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அதிபருக்குப் பாடம் படிப்பிக்க நான் போட்ட பூச்சியம் கடைசியில் அவள் கைக்குத்தான் திரும்பிப் போனது. பசுவுக்கு எட்டு, திறப்புக்குப் பூச்சியம் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்.

அதிகாரி கொப்பியை எடுத்தார். பசுவின் வரி நேராகப் போகாமல் மேடுபள்ளத்தில் போகும் வண்டில்போலத் தடக்கித் தடக்கிப் போயிருந்தது. அவர் பெருவிரலால் பக்கத்தைத் தடவினார். பிறகு யன்னலடிக்குப் போய் வெயிலுக்குச் சரித்துப் பிடித்தார். கரிதான் அழிந்திருந்தது, எழுத்துகள் பள்ளங்களாக அப்படியே கிடந்தன. சத்தமில்லாமல் உதடு அசைய வாசித்தார். நெடுநேரம் எடுத்தது. ஐந்து சின்ன வரிக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. அதிபர் பக்கத்தில் போய் நின்று, ஏற்கெனவே தெரிந்ததைத் திரும்ப வாசித்தார். அழித்த கடதாசி ஒன்றை இரண்டு பெரிய மனிதர்கள் அப்படிப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அதிகாரி திரும்பி வந்து ஜெசிந்தாவுக்கு முன்னால் குந்தினார். "பசுவுக்குக் கீழை ஒரு வீடு கிடக்குது பிள்ளை," என்றார். "இனி அதை எழுதுங்கோ. பசு வேண்டாம்."

ஐந்தாம் வகுப்பு வாசல்

புதன்கிழமை அவள் வந்தாள். ஐந்தாம் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டுபோய் விட்டேன். அங்கே முழங்கால் மேசைக்குக் கீழே அடங்கியது. புள்ளித்திட்டம் மாறவில்லை. ஆனால் அதிபர் அதன் ஓரத்தில் பென்சிலால் 'நன்றாக இருத்தல்: 3' என்று எழுதி வைத்திருந்தார், தேவைப்பட்டால் அழிக்கலாம் என்றோ என்னவோ. நான் திரும்பியபோது ஜெசிந்தா வாசல்வரை ஓடிவந்தாள். "ரீச்சர், இஞ்சையும் வெள்ளிக்கிழமை அழிக்கவேணுமே?" ஓமென்றேன். அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அப்ப இன்னும் அமத்தி எழுதுறன்."

வாதத்தில் ஒருவருக்கும் விட்டுக்கொடுக்காத நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் கண்ட ஒரே வெற்றி, அமத்தாமல் எழுது என்று நான் நாள்தோறும் சொன்னதை ஒரு பிள்ளை கடைசிவரை கேட்காமல் விட்டதுதான்.