கண் வரும் வரை

வீடுகளில் இன்டர்நெட் இல்லாத நாட்கள் அவை. புனேயில் நான் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் அறையை ஞாயிறுதோறும் வெளியாட்களுக்கும் திறந்துவிடுவோம்.

ஏரவாடாவிலிருந்து செல்வியக்கா வருவார். ஒரு ஞாயிறு, மஸ்கட் போன மகன் நான்கு வருடம் கழித்து அனுப்பியிருந்த படத்தின் முன் கனவில் இருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார். மெதுவான இன்டர்நெட் லைனில் படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வர, திரையில் தலைமுடியும் நெற்றியும் மட்டும் மிதந்தன. கிளம்பும் அவசரத்தில், மெஷின் நின்றுவிட்டதென்று நினைத்து ஸ்விட்சை அணைத்துவிட்டேன்.

“ஐயோ சார், கண்ணு வர்ற நேரம்!”

அன்று அதன்பிறகு லைனே கிடைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நெற்றி, புருவம் என்று கோடு கோடாக இறங்கி, மெல்ல இரண்டு கண்கள் திறந்தன.

“என்னைப் பாத்துட்டான் சார்.”

இப்போதெல்லாம் எந்த ஸ்விட்சைத் தொடுவதற்கு முன்பும், அங்கே உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டுவிடுகிறேன்: “வந்தாச்சா?”