தொண்டையில் ஒரு துண்டு வயிறு

சோறு என் தொண்டையில் நிற்க ஆரம்பித்தபோது வீட்டில் யாரும் பயப்படவில்லை. இனிமேலாவது கொஞ்சம் குறைவாகப் பேசுவேன் என்று நிம்மதி அடைந்த மாதிரிதான் தெரிந்தது. நான் மட்டும் அது புற்றுதான் என்று முடிவுகட்டி, யாரிடமும் சொல்லாமல், ஒரு மாதம் கஞ்சியிலேயே ஓட்டினேன். ஒவ்வொரு மடக்குக்குப் பிறகும் புளித்த கோழை மேலே வரும். கைக்குட்டையில் துப்பி, மடித்துப் பையில் வைத்துக்கொள்வேன். திண்டிவனம் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்கு யாருமே போட்டி போடவில்லை.

"தொக்கம் புடிச்சிருக்குது. எத்தையோ மெல்லாம முழுங்கி வச்சிக்கினு இருக்கறீங்க" என்றாள் மனைவி. தின்றது உள்ளே ஒட்டிக்கொண்டால் எங்கள் பக்கம் அதுதான் பெயர். கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் தொக்கம் எடுக்கும் அம்மாள் ஒருவரிடம் இழுத்துப் போனாள்.

அந்த அம்மாள் வெற்றிலை வாயை என் கழுத்தில் பதித்து உறிஞ்சினார். வெதுவெதுப்பான எச்சில் பனியனுக்குள் இறங்கியது. பிறகு தட்டில் எதையோ துப்பினார். சாம்பல் நிறத்தில், நார் நாராக, ஒரு முடியோடு கிடந்தது. பழைய கறித்துண்டாம். ஒரு மாதமாகக் கஞ்சி குடிப்பவனுக்குள் கறி எப்படி என்று கேட்க வாயைத் திறந்தேன். குமட்டல்தான் வந்தது. ஆனாலும் அது கறியாகவே இருக்கட்டும் என்று மனசு கெஞ்சியது. கறி என்றால் புற்று இல்லையே.

அன்று மதியம் ஆசையாகச் சோறு தின்றேன். பாதி மூக்கு வழியாக வந்தது.

அடுத்த நாள் விழுப்புரம் ஆஸ்பத்திரியில் தொண்டைக்கு மரத்துப்போகும் மருந்தடித்து, கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டார்கள். மாடு மாதிரி எச்சில் ஒழுகப் படுத்திருந்தேன். முடிந்ததும் டாக்டரம்மா திரையைக் காட்டினார். பச்சை ஈரல் மாதிரி சிவப்பாக, வழவழவென்று ஒரு திட்டு. நான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தானா?

"இது வயித்துக்குள்ள இருக்க வேண்டிய சவ்வு. பொறக்கும்போதே மேல தங்கிடுச்சி. அங்கயே ஆசிட் சுரக்குது."

"கேன்சரா?" என்று கேட்டது நான் இல்லை, மனைவி.

"அப்படித் தெரியலைங்க. எதுக்கும் கிள்ளி டெஸ்டுக்கு அனுப்பறேன். மாத்திரையிலயே அடங்கிடும்."

வராந்தாவுக்கு வந்ததும் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளும் ஒரு மாதமாக அதையேதான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு வயிறு ரெண்டு, இனிமேல் ரெண்டு ஆள் சோறு வடி என்று சொல்லப் போனேன். மரத்த வாயிலிருந்து பேச்சுக்குப் பதிலாக எச்சில்தான் நூலாக இறங்கி, அவள் கன்னத்தில் விழுந்தது.

"த்தூ, கருமம்" என்று முந்தானையால் துடைத்தாள். முதலில் என் வாயை.