சூடேறிய சிங்கப்பூர்ப் பெட்டி

எங்கள் தொழிலில் கெட்டுப்போன சாமான் வாய் திறப்பதில்லை. அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்தான் “நான் ஒண்ணுமே செய்யலை” என்று முதலில் வாய் திறப்பார். ரேடியோ, டி.வி. என்று எதையாவது பிரித்துப் பார்த்துப் பிழைக்கும் என் சக கஷ்டஜீவிகளே, அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் நீங்களும் முதலில் ஸ்க்ரூடிரைவரைத் தேடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் திண்டுக்கல் நாகல்நகரில், வீட்டின் முன்னறையில் மேஜை போட்டு ரிப்பேர் பார்த்தவன். கொடைக்கானலில் டி.வி. ஒளிபரப்புக் கோபுரம் வந்து தெருவுக்கு நாலு ஆன்டெனா முளைத்த சமயம். டி.வி. எனக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. டி.வி.யில் செருகி விளையாடுகிற பெட்டி ஒன்று வந்தது பாருங்கள், அது கொடுத்த அதிர்ச்சிகளிலிருந்து நான் இன்னும் முழுசாக மீளவில்லை.

பாவாடை கட்டிய பெட்டி

சின்னாளபட்டியில் தறி வைத்திருந்த பெருமாள் அண்ணன் அதைப் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அவர் மகள் செல்விக்கு நெய்க்காரப்பட்டியில் மாப்பிள்ளை பார்த்து, ஆவணியில் நிச்சயம் செய்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை. தன் வீட்டில் டி.வி. இல்லாததால், ஆசையாக வாங்கி வந்த வீடியோ கேம் பெட்டியை மாமனார் வீட்டில் கொடுத்து, “பத்திரமா வெச்சிருங்க, தையில கல்யாணம் முடிஞ்சதும் எடுத்துக்கறனுங்க” என்று சொல்லிவிட்டுச் சிங்கப்பூருக்குப் பறந்துவிட்டார். இப்போது அது அரை மணி ஓடினால் இஸ்திரிப் பெட்டியாகிறது, படம் நெளிகிறது. “மார்கழிக் கடைசியில மாப்ள வாராரு தம்பி. வந்ததும் மொதல்ல இதைத்தேன் கேப்பாரு. கெடுத்து வச்சிருக்கோம்னு தெரிஞ்சா, பொண்ணை எப்புடி வச்சிருப்போம்னு நெனைக்க மாட்டாங்களா?” என்று அண்ணன் பெட்டியை என் மேஜை மேல் வைத்தார்.

மேலே சுற்றியிருந்த துணியைப் பிரித்தேன். உள்ளே பெட்டி இல்லை, இன்னொரு துணி. சுங்குடிச் சேலையில் வெட்டி, ஓரத்தில் சுருக்கு வைத்து, ஒயர் வெளியே வர மட்டும் ஓட்டை விட்டுத் தைத்த உறை. அதன் அடிப்பக்கம் பழுப்பேறிக் கருகியிருந்தது. விளையாடும்போதாவது இதைக் கழற்றுவீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். காற்றுப் போகும் துளையை எல்லாம் மூடிவிட்டு ஓட்டினால் வீடே பற்றிக்கொள்ளுமே என்று கத்திவிட்டேன். அவர் என்னை விட அதிர்ந்து போய்ச் சொன்னார்: “துணி நெய்யிற வீட்டுல ஒரு சாமான் அம்மணமா இருக்கலாமா தம்பி?”

சந்தனம் பூசியது யார்?

சூட்டை வாங்கி வெளியே விடுகிற அலுமினியத் தகடு ஒன்று அதற்குள் இருக்கிறது. அதைத் துடைத்து, இறுக்கி, உறையைப் பறிமுதல் செய்து அனுப்பினேன். சூடு கொஞ்சம் குறைந்த மாதிரிதான் இருந்தது. ஆயுத பூஜைக்கு மறுநாளே பெட்டி திரும்பி வந்துவிட்டது, இந்த முறை பெருமாள் அண்ணனின் மனைவியும் கூட வந்தார்.

பெட்டிக்குத் துளைகள் இருந்ததற்கான அடையாளமே இல்லை. ஒவ்வொரு துளை மேலும் சந்தனம், அதன் நடுவில் குங்குமம், பின்பக்கம் விபூதிப் பட்டை. திறந்தால் கோயில் வாசனை. வழிந்த சந்தனம் உள்ளே சர்க்யூட் பலகை மேல் காய்ந்து வெடித்திருந்தது. மூலையில் நாலு பொரி, ஒரு பொட்டுக்கடலை, அவற்றைச் சுமக்க வந்து உயிரை விட்ட எறும்புகள். சந்தனம் ஈரமாக இருந்தபோதே சுவிட்சைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா என்று கேட்டேன். அண்ணி கொஞ்சமும் அசரவில்லை. “தறிக்குப் பூசினோம், டி.வி.க்குப் பூசினோம், ஒண்ணும் ஆகலையே. சந்தனம் குளிர்ச்சிதானே தம்பி? சூடாகுற சாமானுக்கு அதைப் பூசாம வேற எதைப் பூசுறது?”

செத்த நேரம்

சுரண்டி எடுக்க ஒரு நாள் ஆனது. கார்த்திகையில் மறுபடியும் சூடு என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் விளையாடுகிறீர்கள் என்று நான் கேட்டபோதெல்லாம் “செத்த நேரம்தேன்” என்றுதான் பதில் வந்திருந்தது. எனக்கு நம்பிக்கையில்லை. யாரோ வாண்டுகள் கையில் கொடுத்துவிட்டு மறைக்கிறார்கள் என்று நினைத்து, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு முற்பகலில் பஸ் ஏறினேன். தெரு முழுக்கத் தறிச் சத்தம். பெருமாள் அண்ணன் வீட்டில் மட்டும் தறி ஓய்ந்து கிடந்தது.

எட்டிப் பார்த்தவன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டேன். அண்ணனும் அண்ணியும் பாயில் சம்மணம் போட்டு, ஆளுக்கொரு குமிழைத் திருகிக்கொண்டு, திரையில் துள்ளும் புள்ளியை இங்கும் அங்கும் அடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி ஐம்பது வயதில் “விட்டுட்டீகளா, விட்டுட்டீகளா!” என்று கூவினார். பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன், விரல் சுட்டது. விடிந்ததிலிருந்து ஓடுகிறதாம். சாப்பிடப் போகும்போதும் நிறுத்துவதில்லையாம். நிறுத்தினால் அண்ணி எடுத்த பாயிண்ட் எல்லாம் அழிந்துவிடுமாம். நான் ஸ்க்ரூடிரைவரை எடுக்கையில், கல்யாணப் பெண் செல்வி நூல் கண்டோடு வந்து என் காதருகே சொன்னாள்: “சித்தப்பா, உங்களைக் கும்புட்டுக்கிறேன், அதை ரிப்பேர் பண்ணாதீங்க. எம் முகூர்த்தச் சேலை தறியில இன்னும் ஒரு முழம்கூடத் தாண்டலை.”

மார்கழிக் குளிர்

மாப்பிள்ளை வரும்வரை என் வீட்டில் இருக்கட்டும் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். தறி ஓட ஆரம்பித்தது. இனிமேல் என்ன கெட்டாலும் பழி என் தலையில் என்பது பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. மார்கழி பிறந்தும் அதன் சூட்டுக்குக் காரணம் எனக்குப் பிடிபடவில்லை. ஒரு நாள் காலை அதை ஓடவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தபோது பற்றவைக்கிற ஈயம் தீர்ந்துவிட்டது. பெட்டியை அணைக்காமலே கடைக்குப் போய், பேச்சு சுவாரஸ்யத்தில் மத்தியானம் திரும்பினேன்.

வாசலிலேயே கருகிய வாடை, அதோடு புளித்த வாடை. என் மனைவி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். பெட்டியின் மேல் எங்கள் வீட்டு மாவுச் சட்டி. குளிரில் இட்லி மாவு பொங்கவில்லை என்று, கதகதப்பாக இருந்த இடத்தில் வைத்திருக்கிறாள். மாவு பொங்கி, மூடியைத் தள்ளி, பெட்டிக்குள் இறங்கி, பக்கத்தில் கிடந்த, அதற்குக் கரண்ட் கொடுக்கிற அடாப்டரையும் குளிப்பாட்டியிருந்தது. ஒரு பெண்ணின் கல்யாணம் மாவுக்குள் மூழ்கிக் கிடக்கிறது என்று அழாத குறையாகச் சொன்னேன். அவள் சட்டியை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இம்புட்டு வருசத்துல நீங்க வீட்டுக்குக் கொண்டாந்த சாமான்ல ஒதவுனது இது ஒண்ணுதேன்.”

சில்லென்று ஒரு பெட்டி

பலகையை ஸ்பிரிட் விட்டுக் கழுவி, மொட்டை மாடியில் மூன்று நாள் காயவைத்தேன். நல்லவேளை, அதற்கு உயிர் இருந்தது, அடாப்டர்தான் செத்துப்போயிருந்தது. வேறு வாங்கலாம் என்று பெட்டியின் அடியில் பார்த்தேன்: ஒன்பது வோல்ட். செத்த அடாப்டரில் மாவைத் துடைத்துப் பார்த்தேன்: பன்னிரண்டு. எவனோ கடைக்காரன் மாற்றிக் கொடுத்திருக்கிறான், அந்த மூன்று வோல்ட் அதிகம்தான் இத்தனை நாளும் சூடாகியிருக்கிறது. இரண்டு தடவை பிரித்து மாட்டிய நான் அடாப்டரின் முதுகைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. வெட்கத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது. சரியான அடாப்டரைப் போட்டேன். நாலு மணி நேரம் ஓடியும் பெட்டி குளிர்ந்தே இருந்தது.

மாப்பிள்ளை பெருமாள் அண்ணனோடு என் வீட்டுக்கே வந்தார். அண்ணன் வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார். சேலை தறியிலிருந்து இறங்கிவிட்டது, பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. இனி இது ஒன்றுதான் பாக்கி. சுவிட்சைப் போட்டேன், படம் கண்ணாடியாக வந்தது. அரை மணி கழித்து மாப்பிள்ளை பெட்டி மேல் உள்ளங்கையை வைத்தார். முகம் மாறிவிட்டது. “மாமா, இதை என்னங்க பண்ணுனீங்க?” என்றார். அண்ணன் நாற்காலியைப் பிடித்தார். நான் உறை, சந்தனம், மாவு எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் அவரே சொன்னார்: “வாங்கின அன்னைக்கே இதுல கை வெக்க முடியாதுங்க. அப்படித்தான் இருக்கும்னு கடைக்காரன் சொன்னானுங்க. இப்ப சில்லுன்னு கெடக்குது. ஏனுங்க, கெட்டுப் போச்சுங்களா?”

பெருமாள் அண்ணன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சிரித்தாரா, அழுதாரா, எனக்குத் தெரியாது. நாலு மாதமாக மகள் கல்யாணத்தை எண்ணித் தூங்காத மனிதர். நான் மீட்டரை வைத்துக் காட்டினேன், இரண்டு அடாப்டரையும் காட்டினேன், ஒன்பதையும் பன்னிரண்டையும் விரல் விட்டு விளக்கினேன். மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் மரியாதையாகத் தலையாட்டினார். கிளம்பும்போது பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கித் திரும்பி வந்தார்: “கோவிச்சுக்காதீங்க, ஒருக்கா மட்டும் சூடாக்கிக் காட்டீருங்க, மனசு ஆறிக்கும்.”

சாமானைச் சரிசெய்துவிடலாம் நண்பர்களே, அது சரியாகிவிட்டது என்று சொந்தக்காரரை நம்பவைக்கத்தான் நம்மிடம் கருவி எதுவும் கிடையாது.