கம்பெனி வாசலில் ஒரு டப்பா

ஆகுர்டியில் எங்களுக்கு அடுத்த வீடு சந்திரிகா அக்காவுடையது. கல்யாணமாகித் திருப்பத்தூரிலிருந்து புனேவுக்கு வந்தவர். வண்டிகளுக்கு ஒயர் கட்டும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் பல வருடம் வேலை பார்த்தார். அதைத் தொழிற்சாலை என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. கம்பெனிதான். கம்பெனி நேரம், கம்பெனிச் செருப்பு, கம்பெனித் தலைவலி. 2001 மழைக்காலத்தில் ஒரு காலை, கேட்டில் பூட்டு தொங்கியது.

திறக்கும்வரை மதியச் சாப்பாடு வாசலில்தான் என்று பெண்கள் எல்லோரும் உட்கார்ந்தார்கள். தீபாவளிக்குள் பாதிப் பேர் வேறு வேலை தேடிக்கொண்டார்கள். சங்கராந்திக்குப் பிறகு மிஞ்சியவர்கள் அக்காவும் ராஜஸ்ரீ என்ற மராட்டிப் பெண்ணும் மட்டும். அவளும் வராவிட்டால் அக்காவுக்கு அந்த வாசலும் இல்லை.

உள்ளே கேண்டீனில் தொடங்கிய ஒரு வழக்கம் அவர்களுக்குள் இருந்தது. அக்கா சமைத்ததை ராஜஸ்ரீ சாப்பிடுவாள், ராஜஸ்ரீ சமைத்ததை அக்கா. சாப்பிட்ட டப்பாவை அப்படியே வீட்டுக்கு எடுத்துப்போய், கழுவி, மறுநாள் தங்கள் சமையலை நிரப்பிக் கொண்டுவருவார்கள். காலியாகத் திருப்பிக் கொடுப்பதில்லை.

அப்போது நான் பி.ஏ. முடித்திருந்தேன். எங்கள் வீட்டில் முதல் பட்டம். ஒவ்வொரு விண்ணப்பத்திலும் எழுதுகிறோமே, இந்தக் 'கம்பெனி' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கல்லூரி நூலகத்தில் பெரிய அகராதியைப் புரட்டினேன். லத்தீனில் 'கூட', 'ரொட்டி' என்ற இரண்டு சொற்கள். சேர்ந்து ரொட்டி தின்பவர்கள். அது பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்குப் போய் ஒருவருக்கொருவர் துணை என்றானது, படைப்பிரிவானது, வியாபாரக் கூட்டமானது. அந்த வியாபாரிகளைத்தான் நம்மவர்கள் கும்பினி என்றார்கள். படித்தபோது எனக்கு எதுவும் தோன்றவில்லை. பசித்தது.

மறுநாள் காலை ஸ்டேஷனில் ராஜஸ்ரீயைப் பார்த்தேன். கழுத்தில் புது அடையாள அட்டை. தளேகாவில் வேலையாம். "சந்திரிகாவிடம் நானே சொல்கிறேன்" என்று இந்தியில் சொல்லிவிட்டு லோனாவ்லா லோக்கலில் ஏறிவிட்டாள்.

மதியம் வாசலுக்குப் போனேன். அக்கா பேப்பர் விரித்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ராஜஸ்ரீயின் டப்பா.

"என்னடா சபரி, வேலை கெடச்சுதா?"

"இல்லக்கா."

"பி.ஏ. படிச்சவனுக்கும் பூட்டுன கேட்டுதானா? உக்காரு."

ராஜஸ்ரீயைப் பற்றி எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அந்தச் சொல்லின் கதையைச் சொன்னேன்.

"ரொட்டியா? எங்க கேண்டீன்ல போஹாதான், அவல் உப்புமா. அதுவும் காஞ்சது." சிரித்தார். பிறகு கேட்டார்: "அப்ப ஒருத்தி மட்டும் உக்காந்து சாப்பிட்டா அது கம்பெனி இல்லியா?"

"இல்லக்கா." பரீட்சையில் எழுதுவதுபோல் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை.

அக்கா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராஜஸ்ரீ..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். நேத்து சாப்ட்டு முடிச்சதும் என் டப்பாவக் கொழாயில கழுவி என் கையிலயே குடுத்துட்டா. வீட்டுக்கு எடுத்துட்டுப் போகல."

"தளேகாவ்ல வேலைக்கா. காலைல பாத்தேன்."

"கேண்டீன் இருக்காமா?"

"கேக்கல."

"அதக் கேக்க மாட்டியா." கோபமில்லாமல் சொன்னார். டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். "நாளைக்குக் காலைல ஸ்டேஷன்ல அவகிட்ட குடுத்துரு. புளிச்சோறுதான், கெடாது. அவ டப்பா, காலியா அனுப்பக் கூடாது."

"வேற ஏதாவது சொல்லணுமாக்கா?"

"ஒண்ணுமில்ல."

"நீங்க சாப்பிடலியா?"

"எனக்குன்னு எப்பவும் நான் கொண்டாறதில்லையேடா."

பக்கத்துக் கம்பெனியில் சாப்பாட்டுச் சங்கு ஊதியது. அக்கா எழுந்து, உட்கார்ந்திருந்த பேப்பரை உதறி மடித்துப் பைக்குள் வைத்தார். அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.