மலைக்குப் பின்னால் போகாத பொழுது

மாலையானால் எங்கள் தெருவில் தார்ச்சாலையின் சூடு வெறுங்காலை விட்டுச் சட்டென்று இறங்கும். நிமிர்ந்து பார்த்தால் சூரியன் மலைக்குப் பின்னால் போயிருக்கும். திருவண்ணாமலையில் கோயிலுக்குக் கிழக்கே குடியிருந்த எங்களுக்கு, வானம் பளிச்சென்று இருக்கும்போதே மலை வெயிலை மறைத்துவிடும். கடிகாரம் பார்க்கத் தெரியாத ஏழு வயதில் எனக்கு வீட்டில் ஒரே சட்டம்: "பொழுது மலைக்குப் பின்னாடி போறதுக்குள்ள வூட்டுக்கு வந்துடணும்." அதை நான் ஒருநாளும் மீறியதில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கோடை விடுமுறையில் ஒருநாள், மலைக்கு மேற்கே அடிஅண்ணாமலையில் இருந்த அத்தை வீட்டில் என்னை விட்டுவிட்டு, மாலையில் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லி அப்பா சைக்கிளில் திரும்பினார். அத்தை அப்பாவின் தங்கை. எங்கள் வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். மத்தியானம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு ஏரிக்கரைக்குக் கிளம்பிய என்னிடம், அடுப்படியிலிருந்தபடியே பிறந்த வீட்டுப் பழக்கத்தில் அதே வாக்கியத்தைச் சொல்லி அனுப்பினாள்.

மற்ற பிள்ளைகள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் கரையின் கோடியில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து மலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மலை ஒரு பக்கம், சூரியன் நேரெதிர்ப் பக்கம். அது எப்போது திரும்பி மலைக்கு வந்து, எப்போது பின்னால் போவது? நிறைய நேரம் இருக்கிறது என்று நிம்மதியாகவே இருந்தேன். சூரியன் பனைமரங்களுக்கு நடுவே சிவந்து இறங்கியபோதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

இருட்டத் தொடங்கிய மசங்கலில் அப்பா ஓடிவந்தார். வேட்டி இடுப்புவரை நனைந்திருந்தது. என்னைத் தேடி வயல்கிணற்றில் இறங்கிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது. பின்னாலேயே அத்தை அழுதபடி வந்தாள்.

"ஏன்டி வரல?" என்று கேட்ட அப்பாவின் குரல் குரலாகவே இல்லை.

"பொழுது இன்னும் மலைகிட்டயே போவலப்பா" என்றேன்.

அப்பா மலையைப் பார்த்தார்; திரும்பி மேற்கே பார்த்தார். அத்தை தலையில் அடித்துக்கொண்டு, "நான்தாண்ணா அப்படிச் சொல்லி அனுப்பினேன்" என்றாள். அப்பா அங்கேயே கரைமேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். வெகுநேரம் சிரித்தார். என் கையை மட்டும் விடவில்லை; பிடித்த இடம் வலித்தது.

இப்போது திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் குடியிருக்கிறோம். மகளின் பள்ளி வேன் எங்கே வருகிறது என்று போனே காட்டிவிடுகிறது. மலையைப் பார்த்து வீடு திரும்பும் பிள்ளைகள் எங்கள் தெருவில் யாருமில்லை. அந்தப் பழக்கம் போனதில் எனக்கு வருத்தம் இல்லை, ஆறுதல்தான். போன மாதம் ஒரு மாலை வேன் வழியில் நின்று, போனும் ஒன்றும் காட்டாமல், மகள் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தாள். அவளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் போன உயிர் திரும்பியது. உடனே அப்பாவைப் போனில் கூப்பிட்டு, வேன் தாமதமானதைச் சொல்லி, இத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன்: அன்றைக்குக் கிணற்றுக்குள் இறங்கும்போது எப்படி இருந்தது?



"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா? பாப்பா வூட்டுக்கு வந்துட்டாளா, அதச் சொல்லு" என்றார் அப்பா.